மழை சுமார்

எங்கள் பக்கத்தில் யாரிடமும் நேராக ஒரு கேள்வி கேட்டு நேராகப் பதில் வாங்கிவிட முடியாது. கடைக்குள் கால் வைக்க இடமில்லாமல் கூட்டம் நிற்கும்போது வியாபாரம் எப்படி என்று கேட்டுப் பாருங்கள், "ஏதோ ஓடுது" என்பார்கள். பிள்ளை வகுப்பிலேயே முதலாவதாக வந்திருந்தாலும் "ஏதோ படிக்கான்" என்பார்கள். சின்ன வயதிலிருந்தே இதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் கம்ப்யூட்டர் படிக்கப் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அது ஒன்றாவது ஆமென்றால் ஆம், இல்லையென்றால் இல்லை என்று சொல்லும். அப்படிப்பட்ட நான் என் வாழ்க்கையில் கட்டிய முதல் இணையதளம், இந்த ஜனங்களின் வாயிலிருந்து மழையைப் பற்றி ஒரு நேர்ப்பதில் வாங்குவதற்காகக் கட்டியது. அந்த வயதில் இருந்த தைரியம் இப்போது எனக்கு இல்லை.

நாங்கள் கோவில்பட்டியில் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கு மணியாச்சியில் தண்டவாளப் பராமரிப்பு வேலை, ரயிலில் போய் ரயிலில் வருவார். அம்மாவுக்குக் குளத்தூரைத் தாண்டி, அவள் பிறந்த ஊரில், பிறந்த வீட்டார் கொடுத்த மூன்று ஏக்கர் கரிசல் இருந்தது. மானாவாரி நிலம். புரட்டாசி, ஐப்பசியில் மழை விழுந்தால் உளுந்து, இல்லாவிட்டால் வெடிப்பு. நிலத்தை ஒட்டியே சித்தியின் நிலம். சித்தி ஊரிலேயே இருக்கிறாள், அம்மா டவுனில் இருக்கிறாள், வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் கரிசலில் அந்த வித்தியாசம் பெரிய வித்தியாசம்.

காரணத்தைச் சொல்கிறேன். நல்ல மழை பெய்தால் கரிசலுக்குள் உடனே இறங்க முடியாது, டிராக்டர் புதைந்துவிடும். இரண்டு நாள் போனால் மண் பதமாக வரும். அந்தப் பதத்தில் உழுது விதைத்துவிட வேண்டும். விட்டால் மறுபடியும் இறுகிக்கொள்ளும். ஊருக்குள் இருப்பது ஒரே டிராக்டர், முந்திச் சொன்னவர்களுக்கு முதலில் வரும். அம்மா கோவில்பட்டியில் பஸ் பிடித்து, விளாத்திகுளத்தில் மாறி, விதைப்பையோடு போய்ச் சேர வேண்டும். அதற்கு முதலில் அங்கே மழை பெய்ததா என்று தெரிய வேண்டும். எங்கள் பக்கத்து மழையோ ரோட்டுக்கு வலதுபக்கம் பெய்துவிட்டு இடதுபக்கத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிற மழை. கோவில்பட்டி வானத்தைப் பார்த்துக் குளத்தூர் வானத்தைச் சொல்ல ஒருவராலும் முடியாது.

நான் கடைசி வருஷம் படிக்கப் போவதற்கு முந்தின பருவத்தில் அம்மா தவறவிட்டாள். மழை பெய்து, மண் பதமாகி, இறுகியும் போன பிறகுதான் அவளுக்கு நம்பகமான சேதி கிடைத்தது. நிலம் சும்மா கிடந்தது. விதைக்கு வைத்திருந்த உளுந்தை வடை சுட்டுச் சுட்டுத் தீர்த்தோம். ஒவ்வொரு தடவையும் வடையைத் தட்டில் வைக்கும்போது அம்மா ஒரு பெருமூச்சு விடுவாள், தின்கிற நமக்குத் தொண்டையில் சிக்கும். கடைசியில் ஒருநாள் அப்பாவிடம் சொன்னாள்:

"வர்ற வருசமும் விட்டேன்னா குத்தகைக்கு விட்டுருதேன். டவுன்ல உக்காந்துக்கிட்டு எனக்கு எதுக்கு நிலம்?"

இதை அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் கண்டுகொண்டிருக்க மாட்டேன். சாதாரணமாகச் சொன்னாள். அந்த மூன்று ஏக்கரில் நிற்கும்போது மட்டும்தான் என் அம்மா யாருடைய மனைவியாகவும் யாருடைய அம்மாவாகவும் இல்லாமல், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அதிகாரமாக நிற்பாள். அது போய்விடக்கூடாது என்று எனக்கு இருந்தது.

அந்த நேரத்தில்தான் கல்லூரியில் மேடம் சொன்னார்கள், இந்த வருஷம் புராஜெக்டைப் பென்டிரைவில் கொண்டுவந்து நீட்டக்கூடாது, இணையத்தில் ஏற்றி முகவரியைக் கொடுக்க வேண்டும், உலகத்தில் எங்கிருந்து தட்டினாலும் திறக்க வேண்டும் என்று. இரண்டிரண்டு பேராகச் சேர்ந்துகொண்டோம். ஒரு ஜோடி ஆன்லைன் துணிக்கடை என்றது, இன்னொன்று நூலகம் என்றது. நான் "இன்னைக்கு எங்க மழை?" என்றேன். என் ஜோடி எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. அவள் வாப்பாவுக்குக் கோவில்பட்டி பஜாரில் தார்ப்பாய், கயிறு, மண்வெட்டி விற்கிற கடை. நாலா திசைக் கிராமத்துக்காரர்களும் வந்து போகிற கடை அது. அவர்களிடம் முகவரியைக் கொடுத்துவிட்டால், அவரவர் ஊரில் மழை பெய்ததும் போனில் ஒரு பட்டனை அமுக்கிவிடுவார்கள், எங்கள் தளத்தில் ஊர்வாரியாகத் தெரிந்துவிடும். திட்டம் என்னமோ வழுவழுப்பாகத்தான் இருந்தது.

தளத்தைக் கட்டிவிட்டோம். ஏற்றுவதற்கு இடம் வேண்டுமே. இலவசமாக இடம் கொடுக்கிற ஒரு வெளிநாட்டு நிறுவனத்தைக் கூட்டாளி கண்டுபிடித்தாள். எங்கள் தளத்தின் பெயர், அதன் பின்னால் ஒரு புள்ளி, அதன் பின்னால் அவர்களுடைய பெயர், இதுதான் எங்களுக்குக் கிடைத்த முகவரி. அவள் வாப்பாவுக்கு இலவசம் என்ற வார்த்தையே ஆகாது.

"சும்மா ஒருத்தன் இடம் குடுக்கான்னா அவனுக்கு அதுல என்னமோ இருக்கும்லா? நாளைக்கு வந்து எந்திரின்னு சொன்னா எங்கன போவீங்க?" என்று கேட்டார்.

நான் முகவரியைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதன் வாலைப் படித்துவிட்டுச் சிரித்தார். "அட, அவன் பேரப் போட்டுத்தான் குடுத்திருக்கானா. நம்ம கடைப் பை மாதிரி. அப்பம் சரி, அப்பம் சரி," என்று உடனே சமாதானமாகிவிட்டார். தீபாவளிக்கும் பெருநாளுக்கும் அவர் கடைப் பெயர் போட்ட துணிப்பை கொடுப்பார், அந்தப் பைகளை நான் கழுகுமலை பஸ்ஸிலெல்லாம் பார்த்திருக்கிறேன்.

இணையத்தில் ஏற்றிய அன்று எங்கள் தளம் திறக்கவே இல்லை. திறந்தால் இடம் கொடுத்தவர்களின் வாழ்த்துப் பக்கம்தான் வந்தது. முதல் பக்கத்தை ஓர் உள் ஃபோல்டருக்குள் வைத்துவிட்டு வாசலில் ஆளைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறோம். அதைச் சரி செய்தோம். திறந்தது. ஊர்ப் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் வரிசையாகக் கேள்விக்குறி. தமிழ் எழுத்தைத் தாங்குகிற அமைப்பைத் தரவுத்தளத்தில் வைக்க மறந்துவிட்டோம். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, "எங்க மழைன்னு நாம கேட்டா அது நம்மளையே திருப்பிக் கேக்குதே" என்றாள், லேபே சிரித்தது. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. ஒரு வழியாக அதையும் சரி செய்து, குளத்தூர் என்ற ஐந்து எழுத்தும் ஒழுங்காகத் திரையில் வந்து உட்கார்ந்தபோது, கூட்டாளியின் கையைப் பிடித்து நசுக்கிவிட்டேன். அமெரிக்காவிலிருந்து தட்டினாலும் இனி குளத்தூர் தெரியும். யார் தட்டப் போகிறார்கள் என்பது வேறு விஷயம்.

அத்தோடு நின்றதா என்றால் இல்லை. வகுப்பில் எல்லோரும் சேர்ந்து எங்கள்மேல் உள்ள பாசத்தில், பார்த்தவர் எண்ணிக்கை கூடட்டும் என்று மாறி மாறித் திறந்து திறந்து மூடினார்கள். இலவச இடத்துக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தடவைதான் திறக்கலாம் என்று ஓர் அளவு உண்டு. சாயங்காலம் தளம் பூட்டிக்கொண்டது. நாளைக்கு வாருங்கள் என்று பலகை மாட்டிவிட்டார்கள். திறப்பு விழா அன்றே கூட்டம் தாங்காமல் கடையை அடைத்தது கோவில்பட்டியில் நாங்களாகத்தான் இருப்போம்.

புரட்டாசி பிறந்தது. கடையில் கூட்டாளியின் வாப்பா வருகிறவர்கள் போனையெல்லாம் வாங்கி முகவரியைப் போட்டுக் கொடுத்தார். சித்திக்கு நானே போன் போட்டுச் சொல்லிக்கொடுத்தேன். மூன்று பட்டன்கள்: நல்ல மழை, சுமார், இல்லை. இதைவிடத் தெளிவாக உலகத்தில் ஒன்று இருக்க முடியுமா? அம்மாவிடம் போனைக் கொடுத்து, "இனிமே சாயங்காலமானா ஒவ்வொருத்தருக்கா போன் போட்டுக்கிட்டு இருக்காதம்மா. இதப் பாரு, போதும்," என்றேன் பெருமையாக.

ஒரு நாள் தெற்கே இருட்டிக்கொண்டு வந்தது. தளத்தைத் திறந்தேன். கழுகுமலை, சுமார். எட்டயபுரம், சுமார். விளாத்திகுளம், சுமார். குளத்தூர், சுமார். அதைத் தாண்டி அம்மாவின் ஊர், அதுவும் சுமார். கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் சுமார். நான் முதலில் தளத்தில்தான் கோளாறு என்று நினைத்து உள்ளே போய்ப் பார்த்தேன். கோளாறு ஒன்றும் இல்லை. எல்லோரும் ஆசை ஆசையாகப் பட்டனை அமுக்கியிருக்கிறார்கள், எல்லோரும் ஒரே பட்டனை அமுக்கியிருக்கிறார்கள்.

அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அகராதியில் சுமார் என்று ஒருத்தர் சொன்னால் நல்ல மழை என்று அர்த்தம். போனாக இருந்தால் குரலைக் கேட்பாள். சித்தி "சுமாருக்கா" என்று இழுக்கும்போது பின்னால் தவளை கத்துகிறதா, தகரத்தில் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள். அப்படித்தான் இத்தனை வருஷம் மழையை அளந்திருக்கிறாள். என் தளத்தில் தவளை இல்லை. சுமார் என்ற எழுத்து மட்டும்தான் இருந்தது. அதை நம்பி மறுநாள் காலையில் விதைப்பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

சாயங்காலம் திரும்பி வந்தாள். பையை இறக்கி வைத்துவிட்டு முந்தானையை உதறினாள். உதறின தூசியில் நானே இரண்டு தடவை தும்மினேன். அவள் என்னைத் திட்டவில்லை. "நடைக்கு நடை புழுதி பறக்குது. ஒரு பொட்டுக்கூட விழல," என்றாள். பிறகு கால் கழுவப் போய்விட்டாள்.

நான் சித்திக்குப் போன் போட்டேன். எனக்கு இருந்த ஆத்திரத்தில் மரியாதையெல்லாம் கொஞ்சம் குறைந்துதான் வந்தது.

"சித்தி, மழை இல்லன்னா இல்லைன்னு ஒரு பட்டன் இருக்குல்ல? அத அமுக்குனா என்ன?"

"ஏட்டி, மழை இல்லைன்னு நம்ம கையால எப்படிட்டி அமுக்க? அப்புறம் நிசமாவே இல்லாமப் போயிரும். வெளக்கு வைக்கிற நேரத்துல அப்படியெல்லாம் சொல்லலாமா?"

"சரி, நல்ல மழை பேஞ்சா நல்ல மழைன்னு அமுக்குவீங்களா?"

"நல்லாருக்கே நீ சொல்லுத கத! ஊரு பூராப் பாக்குத எடத்துல எங்களுக்கு நல்ல மழைன்னு எழுதி ஒட்டணுமாக்கும்? கண்ணு பட்டு அடுத்த மழை அப்படியே வடக்க போயிரும்."

"அப்போ எப்பவுமே சுமார்தானா?"

"நடுவுல இருக்கது அது ஒண்ணுதான. அதுல யாருக்கும் பொல்லாப்பு இல்ல பாரு," என்றாள் சித்தி, நியாயமாக.

அரிசி தீர்ந்துபோனாலும் இல்லை என்று வாய்விட்டுச் சொல்லாத வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். பிள்ளை கொழுகொழுவென்று இருந்தால் எப்படி இளைச்சுப்போச்சு என்று கன்னத்தைத் தொடுகிற ஊர் எங்கள் ஊர். அதை மறந்துவிட்டு ஆமுக்கு ஒரு பட்டனும் இல்லைக்கு ஒரு பட்டனும் வைத்திருக்கிறேன். இந்தத் தப்பை வேறு ஊர்க்காரர்கள் செய்திருந்தாலாவது மன்னிக்கலாம்.

ஐப்பசி பிறந்துவிட்டது. அம்மா மறுபடியும் போனை எடுக்க ஆரம்பித்தாள், ஆனால் அரைமனதாக. ஒருநாள் அப்பாவிடம் குத்தகைப் பேச்சையும் மெதுவாக எடுத்தாள். நான் அடுத்த அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். புராஜெக்டுக்கு மார்க் வந்துவிடும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மேடத்துக்குத் தளம் திறந்தால் போதும். அம்மாவுக்கு அது போதாது.

மறுநாள் கல்லூரி முடிந்து கூட்டாளியோடு அவர்கள் கடைக்குப் போயிருந்தேன். வெற்றிலை போட்ட வாயோடு கழுகுமலைப் பக்கத்து ஆள் ஒருவர் தார்ப்பாய் வாங்க வந்தார். கூட்டாளியின் வாப்பா தார்ப்பாயை விரித்துக் காட்டிக்கொண்டே கேட்டார்:

"உங்க பக்கம் மழை உண்டா அண்ணாச்சி?"

"என்னத்த மழை பாய். ஏதோ சுமார்."

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்த ஆள் தார்ப்பாயைச் சுருட்டி வாங்கிக்கொண்டு கிளம்பியவர், வாசலில் நின்று தானாகவே ஆரம்பித்தார். "வண்டியல்லா தள்ளிட்டு வாரேன். வீட்டுலேர்ந்து மெயின் ரோடு வரைக்கும் தள்ளுனேன். மக்கார்டுக்குள்ள மண்ணு போய் ரொம்பி வீலு சுத்த மாட்டேங்கு. குச்சி வச்சு நோண்டி நோண்டிக் கையெல்லாம் போச்சு. புதுச் செருப்பு வேற, ஒத்தச் செருப்பு உள்ள போனது போனதுதான், இன்னும் கெடைக்கல." வேட்டியைத் தூக்கி முழங்கால் வரை அப்பியிருந்த கரிசலைக் காட்டினார். காட்டும்போது அந்த மனுஷனுடைய முகத்தைப் பார்க்க வேண்டுமே. கல்யாண வீட்டு வாசலில் நிற்கிறவர் மாதிரி இருந்தது.

கூட்டாளியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் போன பிறகு அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "மழையப் பத்திக் கேட்டாத்தான சொல்ல மாட்டேங்காவ," என்றாள்.

"பட்ட பாட்டக் கேட்டா?" என்றேன் நான்.

அங்கேயே, சணல் கயிற்றுக் கட்டின்மேல் உட்கார்ந்து, புதிய பட்டன்களை யோசித்தோம். மழை என்ற வார்த்தையையே பக்கத்திலிருந்து தூக்கிவிட்டோம். "இன்னைக்கு என்ன பாடு?" என்று மட்டும் கேட்டோம். அதன் கீழே: தூசி மட்டும் அடங்கிச்சு. செருப்புல மண்ணு ஒட்டுது. செருப்பக் கையில எடுத்தாச்சு. பைக் சக்கரம் சுத்தல. டிராக்டரே இறங்காது. மழையே இல்லாத ஊருக்கு என்ன வைப்பது என்பதில்தான் சிக்கினோம். இல்லை என்று சொல்லவும் கூடாது, சொல்லாமல் இருக்கவும் கூடாது. கூட்டாளி பின்வாசல் வழியாக மாடியைப் பார்த்தாள். அங்கே அவர்கள் வீட்டுத் துணிகள் மொடமொடவென்று ஆடிக்கொண்டிருந்தன. "துணி நல்லாக் காயுது" என்று வைத்தோம். எந்த வாயும் கூசாமல் சொல்லக்கூடிய வார்த்தை அது. எல்லாவற்றுக்கும் கீழே, சொந்தமாக அலுத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்காக ஒரு காலிப் பெட்டியும் வைத்தோம்.

மேடம் பார்த்துவிட்டுக் கண்ணை விரித்தார்கள். "மழை நிலவரம்னு சொல்லிட்டுச் செருப்பப் பத்திக் கேட்டிருக்கீங்க? மில்லிமீட்டர்ல கேக்கணும்மா," என்றார்கள். நான் ஏற்கெனவே வந்து விழுந்திருந்த பதில்களைக் காட்டினேன். எட்டயபுரத்துக்காரர் ஒருவர், மாட்டைப் பிடிக்கப் போய்த் தான் வழுக்கி விழுந்ததையும் மாடு நின்று வேடிக்கை பார்த்ததையும் எழுதியிருந்தார். இன்னொருவர், ஸ்கூல் வேன் உள்ளே வராததால் பிள்ளை வீட்டில் உட்கார்ந்து உயிரை எடுக்கிறது என்று எழுதியிருந்தார். பக்கத்து ஊர்க்காரரோ துணி நல்லாக் காயுது என்று அமுக்கிவிட்டு, காலிப் பெட்டியில் "ரொம்ப நல்லாக் காயுது" என்று தனியாக வேறு சேர்த்திருந்தார். மேடம் படிக்கப் படிக்கச் சிரிப்பை அடக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. மில்லிமீட்டரைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

இப்படியாக ஊர் ஊராகப் பெட்டி நிரம்பியது. சுமார் என்ற ஒற்றை வார்த்தைக்குள் பதுங்கியிருந்தவர்கள் பட்ட பாட்டை எழுதச் சொன்னதும் பக்கம் பக்கமாக எழுதினார்கள். ஆனால் எங்கள் வரிசையில், அம்மாவின் ஊரில், நாள்தோறும் துணி நல்லாகத்தான் காய்ந்துகொண்டிருந்தது. அம்மா தினமும் பார்ப்பாள், போனைக் கவிழ்த்து வைப்பாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் புத்தகத்தைப் புரட்டுவேன்.

ஐப்பசி பாதி தாண்டியிருக்கும். ஒரு மத்தியானம், எனக்குக் கல்லூரி இல்லை. கோவில்பட்டியில் வெயில் மண்டையைப் பிளந்தது. அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், நான் தளத்தைத் திறந்து வைத்திருந்தேன். எங்கள் வரிசை மாறியது. தூசி மட்டும் அடங்கிச்சு. கொஞ்ச நேரத்தில், செருப்புல மண்ணு ஒட்டுது. அப்புறம், வேறு யாரோ, பைக் சக்கரம் சுத்தல. அதன்பின் டிராக்டர்காரரே அமுக்கியிருக்க வேண்டும், டிராக்டரே இறங்காது என்று வந்தது. "அம்மா" என்று கத்தினேன். முறத்தோடு வந்து நின்றாள். அவள் குனிந்து பார்க்கும்போதே காலிப் பெட்டியில் இன்னொன்று வந்து விழுந்தது:

"ஆட்டுக்குட்டிய இடுப்புல தூக்கிட்டே வந்தேன். ஒரு காலு எடுத்து வச்சா மறு காலு வர மாட்டேங்கு. இடுப்பு ஒடிஞ்சு போச்சு. எனக்குன்னு வந்து வாய்ச்சுதே."

"இது ஒன் சித்தி," என்றாள் அம்மா. முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சித்திக்குப் போன் போட்டாள். "என்னட்டி, அங்கன மழையா?"

அந்தப் பக்கம் சித்தி நிதானமாகச் சொன்னது எனக்கே கேட்டது: "என்னத்தக்கா. ஏதோ சுமார்."

அம்மா போனை வைத்துவிட்டுச் சிரித்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். சிரிப்பு அடங்கும் முன்னாலேயே டிராக்டர்காரருக்குப் போன் போட்டு, "அண்ணாச்சி, மண்ணு பதத்துக்கு வந்ததும் மொத உழவு எனக்கு, சொல்லிட்டேன்," என்றாள். டவுனில் உட்கார்ந்துகொண்டு அந்த ஊரிலேயே முதலில் சொன்னது அவள்தான். மறுநாள் விடியும்போதே விதைப்பையோடு பஸ் ஏறினாள். போகும்போது சோறு பொங்குவது எப்படி, குழம்பைச் சுடவைப்பது எப்படி என்று என்னைப் பச்சைக் குழந்தையாக்கி ஒரு பாடம் நடத்திவிட்டுத்தான் போனாள்.

அதன்பிறகு அவளிடமிருந்து போன் இல்லை. வேலை நடக்கும் இடத்தில் அவள் போனைத் தொட மாட்டாள், எனக்குத் தெரியும். தெரிந்தும் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. உழவு கிடைத்ததா, விதை விழுந்ததா, மறுபடி ஒரு மழை வந்து கெடுத்ததா? அப்பாவும் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் "உங்கம்மா ஏதும் சொன்னாளா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

லேபில் உட்கார்ந்து வேறு என்னமோ செய்துகொண்டிருந்த ஒரு நாள், பழக்கத்தில் தளத்தைத் திறந்தேன். எங்கள் வரிசையில், காலிப் பெட்டியில், இது இருந்தது:

"நகக்கண்ணு பூரா கரிசலு. கொண்டுவந்த சேலை ரெண்டும் பாழ். குனிஞ்சு குனிஞ்சு நடு முதுகு வெட்டி எடுக்கு. மூணு ஏக்கரும் முடிக்கதுக்குள்ள உசுரு போயிட்டு. அங்கன அந்தப் பிள்ள சோத்தக் கொழைய விட்டுருக்கும். ஒருத்திக்கு எத்தன பாடு."

பெயர் போட எங்கள் தளத்தில் இடம் இல்லை, தேவையும் இல்லை. நான் அதை இரண்டாவது தடவை படித்தேன், எழுத்துகள் கலங்கலாகத் தெரிந்தன. மூணு ஏக்கரும் முடிக்கதுக்குள்ள. முடித்துவிட்டாள். என் அம்மா இவ்வளவு சந்தோஷமாக அலுத்துக்கொண்டு நான் என் ஆயுளில் கேட்டதில்லை.

கூட்டாளி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படித்தாள். "அத்தை ரொம்பப் பாடு படுதாவ போல," என்றாள், சிரித்துக்கொண்டே.

அந்தத் தளம் இன்றும் அதே இலவச இடத்தில், அவர்கள் பெயரை வாலில் கட்டிக்கொண்டு, ஓடுகிறது. ரொம்ப நாள் எட்டிப் பார்க்காமல் விட்டால் எடுத்துவிடுவார்கள் என்பதால் நான் வேலை பார்க்கும் ஊரிலிருந்து அவ்வப்போது உள்ளே போய் வருகிறேன். பழைய பதிவுகளையும் அழிக்கவில்லை. அம்மா எழுதியதற்கு நேர் மேலே, கோவில்பட்டி வரிசையில், அன்று அந்த லேபிலேயே நான் எழுதிய என் முதல் பதிவு இருக்கிறது. நேராக ஒரு பதில் சொல்லத் தெரியாத ஜனங்கள் என்று இருபது வயது வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த நான், அம்மா எப்படியும் பார்ப்பாள் என்று தெரிந்து, ஒவ்வோர் எழுத்தாக யோசித்துத் தட்டியது அது:

"சோறு கொழஞ்சுதான் போச்சு. கொழம்பு அடிப்பிடிச்சுட்டு. அப்பா ஒண்ணும் சொல்லாமத் தின்னுட்டு ரெண்டாந்தடவையும் கேக்காவ. ஒரு வேலை ஓட மாட்டேங்கு. இங்க துணி நல்லாக் காயுது."